ஒரே அறை, ஒருவருக்குக் குறட்டை: பயணத்தில் இருவரும் தூங்க என்ன செய்யலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்பி, முதல் இரவே ஒருவர் அயர்ந்து தூங்க, இன்னொருவர் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பது நிறையப் பேருக்கு நடக்கிறது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. குறட்டை விடுபவருக்கும் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், ஒருவர் மட்டும் மெனக்கெட்டால் பாதிதான் நடக்கும்.

கிளம்பும் முன்பே இதைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா? சங்கடமாக இருக்கிறதே.

கட்டாயம் பேசுங்கள். அறை புக் பண்ணும் முன் பேசினால் அறையை மாற்றலாம், பையில் இயர் பிளக் எடுத்து வைக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பேச்சை எடுத்தால் அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, கோபம்தான் வரும்.

யார் தொடங்குவது என்றால், குறட்டை விடுபவரே தொடங்குவது நல்லது. "நான் நல்லா குறட்டை விடுவேன், உனக்குத் தூக்கம் கெட்டுப்போகும், என்ன பண்ணலாம்?" என்று அவரே கேட்டுவிட்டால் மற்றவருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். சிலருக்குத் தான் குறட்டை விடுவதே தெரியாது, அப்போது கேட்பவர்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது "உன் குறட்டையால" என்று ஆரம்பிக்காமல் "எனக்குச் சின்னச் சத்தம் கேட்டாலும் முழிப்பு வந்துடும்" என்று தன் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்காது. தனியாகச் சொல்லுங்கள், நாலு பேர் இருக்கும்போது சொல்லிச் சிரிக்காதீர்கள். யாரும் வேண்டுமென்றே குறட்டை விடுவதில்லை. ஒருமுறை கேலிக்கு ஆளானவர் அப்புறம் பயணம் முழுக்கத் தூங்கவே பயந்துகொண்டு கிடப்பார், அது ரொம்பக் கொடுமை.

வீட்டில் இவ்வளவு சத்தம் இல்லையே, வெளியூர் வந்தால் மட்டும் ஏன் கூடுகிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை குறுகுகிறது. குறுகிய பாதையில் காற்று வேகமாகப் போகும்போது, மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் உள்நாக்கும் காற்றில் துணி படபடப்பதுபோல அதிர்கின்றன, அந்த அதிர்வுதான் நமக்குக் குறட்டையாகக் கேட்கிறது. தசை அதிகம் தளர்ந்தாலோ பாதை அதிகம் அடைபட்டாலோ சத்தம் கூடும். பயணத்தில் இரண்டுமே நடக்கிறது. நாள் முழுக்க அலைந்த களைப்பு, முந்தின இரவு சரியாகத் தூங்காதது, ராத்திரி குடித்த மது, விமானத்திலும் ஏசி அறையிலும் காய்ந்துபோன மூக்கு, பழக்கமில்லாத அறையின் தூசி, பழகாத தலையணை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் ஒருக்களித்துப் படுப்பவர் புது மெத்தையில் மல்லாந்து படுத்துவிட்டால் அது ஒன்றே போதும், நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து பாதையை இன்னும் அடைத்துவிடும்.

கேட்பவர் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. புது இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றொரு பாதியைவிட விழிப்பாக இருக்கிறது என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். வீட்டில் காதிலேயே ஏறாத சத்தம்கூட முதல் இரவு உங்களை எழுப்பிவிடலாம். அதனால் முதல் இரவு மோசமாகப் போனதை வைத்து "இவரோடு இனி வரவே மாட்டேன்" என்று முடிவு கட்ட வேண்டாம், இரண்டாவது இரவு கொஞ்சம் தேவலையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அறை புக் பண்ணும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பணம் இடம் கொடுத்தால் இரண்டு அறை எடுங்கள். கீழே சொல்லப்போகும் மற்ற எல்லா வழிகளும் தொல்லையைக் குறைக்கும், அவ்வளவுதான். தனி அறை ஒன்றுதான் அதைத் தீர்க்கும். எல்லா இரவுக்கும் முடியாவிட்டால், நீண்ட தூரம் வண்டி ஓட்ட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, மலையேறும் நாளுக்கு முந்தின இரவு என்று தூக்கம் ரொம்ப முக்கியமான ஓர் இரவுக்கு மட்டுமாவது தனி அறை எடுங்கள். அந்தச் செலவைத் தண்டம் என்று நான் நினைக்க மாட்டேன்.

அதற்கு அடுத்தது, நடுவில் கதவு உள்ள இடம். படுக்கையறை ஒன்று, ஹாலில் படுக்கையாக விரியும் சோபா ஒன்று என்றால்கூடப் போதும். ஆனால் நடுவில் இருப்பது நிஜமான கதவுதானா, வெறும் தடுப்பா, திரைச்சீலையா என்று போட்டோவை உற்றுப் பாருங்கள், தெரியாவிட்டால் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

ஒரே அறைதான் கிடைக்கும் என்றால் தனித்தனிக் கட்டில் கேளுங்கள், அவற்றை எவ்வளவு தூரம் தள்ளிப் போட முடியுமோ தள்ளிப் போடுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் காதருகே கேட்பதற்கும் 2 மீட்டர் தள்ளிக் கேட்பதற்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கட்டிலை நகர்த்த வழியில்லையா, ஒருவர் தலைமாட்டை மாற்றிக் கால்மாட்டில் தலை வைத்துப் படுக்கட்டும். கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் உள்ள அறையில் எதிரொலி குறைவு, தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் அதை எடுங்கள்.

இயர் பிளக் போட்டும் கேட்கிறதே?

பெரும்பாலும் சரியாகப் போடாததுதான் காரணம். நுரை பிளக்கை விரலால் உருட்டி உருட்டி மெல்லிய குச்சிபோல ஆக்குங்கள், மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்பகுதியைப் பிடித்து மேலேயும் பின்னாலும் இழுங்கள், காதுத் துளை நேராகும், அப்போது பிளக்கை உள்ளே விட்டு 20, 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். அது உள்ளேயே விரிந்து அடைத்துக்கொள்ளும். இழுக்காமல் சும்மா செருகினால் பாதி வெளியே நிற்கும், தலையணையில் அழுத்தி வலிக்கும், சத்தமும் கேட்கும். இதை வீட்டிலேயே சில இரவு போட்டுப் பழகிவிட்டுக் கிளம்புங்கள், பலருக்கு முதல் இரவு தன் மூச்சே தனக்கு உரக்கக் கேட்டு எரிச்சலாக இருக்கும், பழகினால் சரியாகிவிடும்.

சரியாகப் போட்டாலும் முழு அமைதி கிடைக்காது. பாக்கெட்டில் 33 டெசிபல் என்று போட்டிருந்தால் அது ஆய்வகத்தில் கச்சிதமாகப் பொருத்தி அளந்த கணக்கு, படுக்கையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். குறட்டையில் தாழ்ந்த, உறுமும் ஒலி அதிகம், நுரையைத் தாண்டி வருவதும் அந்த வகை ஒலிதான். ஒரே கட்டில் என்றால் அதிர்வு மெத்தை வழியாகவும் வரும். அதனால் "சத்தமே வராது" என்று எதிர்பார்க்காதீர்கள், "தூங்கிவிடும் அளவுக்குக் குறையும்" என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

நுரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மெழுகு அல்லது சிலிக்கோன் வகை இருக்கிறது, அதைக் காதுக்குள் திணிக்கக் கூடாது, காதுத் துளையின் வாயிலை மட்டும் மூட வேண்டும். காதில் வலி, சீழ், தொற்று இருந்தால் எதையுமே போடாதீர்கள். எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுங்கள். அழுக்கானதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சின்னக் குழந்தை கூட இருந்தால் பெரியவர்களில் ஒருவராவது காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கினால் தீருமா?

ஓரளவுக்குத்தான். அந்தத் தொழில்நுட்பம் விமான இன்ஜின் போல ஒரே சீராக ஓடும் தாழ்ந்த ஒலியை நன்றாக அடக்கும். குறட்டை ஏறி இறங்கி, நின்று, திடீரென்று வெடித்து வருவதால் அதற்கு அவ்வளவு பிடிபடாது. பெரிய ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது. ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காகவே வாங்காதீர்கள்.

மழைச் சத்தம், ஃபேன் சத்தம் போட்டால் உதவுமா?

உதவும், இதைப் பலர் குறைவாக மதிப்பிடுகிறார்கள். நம்மை எழுப்புவது பெரும்பாலும் நிசப்தத்துக்கு நடுவே திடீரென்று எழும் சத்தம்தான். அறையில் ஏற்கெனவே ஒரு சீரான இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஏற்றம் சின்னதாகிவிடும். ஃபேன், ஏசியின் காற்று, போனில் ஒயிட் நாய்ஸ், எதுவானாலும் சரி. குறட்டையின் ஒலி தாழ்ந்தது என்பதால் கனத்த மழை, அருவி, பிரவுன் நாய்ஸ் போன்ற ஆழமான இரைச்சல்கள் நன்றாக மூடும். போனை அறை நடுவில் வைத்து உரக்க அலறவிடாமல், உங்கள் தலைமாட்டில் மெதுவாக ஓடவிடுங்கள். இயர் பிளக்கும் இதுவும் சேரும்போது தனித்தனியாகக் கிடைப்பதைவிட நல்ல பலன் தரும். கிளம்பும் முன் ஒலிக்கோப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்டர்நெட்டை நம்ப வேண்டாம்.

நான் முதலில் தூங்கிவிட்டால் பிரச்சினை இல்லைதானே?

கொஞ்சம் நேரம் தப்பிக்கலாம். இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம், அப்போது சத்தத்துக்கு எளிதில் விழிப்பு வராது. குறட்டை விடுபவர் அரைமணி நேரம் கழித்துப் படுப்பதாக ஒப்புக்கொண்டால் அது அருமையான உதவி. ஆனால் விடிகாலைப் பக்கம் தூக்கம் லேசாகிவிடும், அப்போது விழித்தால் மறுபடி தூங்குவது கஷ்டம். அதனால் சத்தம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் பிளக்கைப் படுக்கும்போதே போட்டுவிடுங்கள். "அவர் வருவதற்குள் தூங்கியே ஆக வேண்டும்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும்.

நடு ராத்திரியில் தட்டி எழுப்பலாமா?

முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருந்தால் தாராளமாக. பகலிலேயே கேட்டு வையுங்கள்: "சத்தம் அதிகமானா தோளைத் தொட்டுத் திரும்பிப் படுக்கச் சொல்லட்டுமா?" பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். தோளில் லேசாகக் கை வைத்து "அந்தப் பக்கம் திரும்பிப் படு" என்றால் முழுக்க விழிக்காமலே திரும்பிவிடுவார்கள், காலையில் ஞாபகம்கூட இருக்காது. இடித்து, உதைத்து, விளக்கைப் போட்டு எழுப்பினால் இரண்டு பேர் தூக்கமும் கெடும். கோபத்தில் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பொறுத்திருந்து அப்புறம் வெடிப்பதைவிட, ஆரம்பத்திலேயே மெதுவாகத் தொட்டுவிடுவது அன்பான செயல்.

குறட்டை விடுவது நான்தான். நான் என்ன செய்ய முடியும்?

முதலில், ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்தால் மட்டுமே குறட்டை விடுபவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இது ஒன்றே பெரிய மாற்றம் தரும். தூக்கத்தில் திரும்பிவிடுகிறீர்கள் என்றால் முதுகுக்குப் பின்னால் நீளமான தலையணையோ சுருட்டிய போர்வையோ அண்டக் கொடுங்கள். டி-ஷர்ட்டின் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தைத் தைத்துக்கொள்ளும் பழைய வழியும் வேலை செய்யும், ஆனால் உறுத்தலால் பலர் சீக்கிரம் கைவிட்டுவிடுவார்கள், சில இரவுகளுக்குத்தான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தலைக்கு அடியில் தலையணை அடுக்கிக் கழுத்தை மட்டும் மடக்காதீர்கள், அது தொண்டையை இன்னும் நெருக்கும். உயர்த்துவதானால் மார்பிலிருந்து மேல்பகுதி முழுவதும் சாய்வாக உயர வேண்டும்.

அடுத்து மது. இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், தூங்குவதற்கு முன் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் குடித்தால் தொண்டைத் தசை கூடுதலாகத் தளர்ந்து குறட்டை கூடுவது உறுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடப் படுப்பவர் இயர் பிளக், இரைச்சல் என்று இவ்வளவு ஏற்பாடு செய்யும்போது நம் பங்குக்கு இதையாவது செய்வது நியாயம். தூக்கம் வரவழைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகளும் சிலருக்கு இதையே செய்யும், ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம். சிகரெட்டும் தொண்டையையும் மூக்கையும் வீங்க வைக்கும்.

மூக்கடைப்பு இருந்தால் படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே அடியுங்கள், மூக்கின் மேல் ஒட்டும் பட்டையும் மூக்கைக் கொஞ்சம் விரித்துக் கொடுக்கும். இந்தப் பட்டை மூக்கில் அடைப்பு உள்ளவர்களுக்குத்தான் உதவும், தொண்டையில் எழும் குறட்டைக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்ற அடைப்பு நீக்கும் ஸ்ப்ரேக்களை மூன்று நாளுக்கு மேல் தொடர வேண்டாம், விட்டதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் உறை நன்றாகவே வேலை செய்யும் ஒரு சாதனம், ஆனால் அதைப் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொண்டு, தாடை பழக நாள் கொடுக்க வேண்டும். முதல்முறையாகப் பயணத்தில் போட்டுப் பார்த்தால் தாடை வலியோடுதான் ஊர் சுற்ற வேண்டிவரும்.

தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

குறட்டை விடுபவர் வேண்டவே வேண்டாம். சில வகைத் தூக்க மாத்திரைகள் மூச்சுப் பாதைத் தசையை மேலும் தளர்த்தும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் மூச்சுத் தடை உள்ளவருக்கு அது ஆபத்து, மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். கேட்பவரும் மருத்துவர் சொல்லாமல் போட வேண்டாம், இன்னொருவருடைய மாத்திரையைக் கடன் வாங்கவும் வேண்டாம்.

சத்தம் திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திணறலோடு மறுபடி வருகிறது. இது சாதாரணமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உரத்த குறட்டை, அப்புறம் சத்தமே இல்லாத இடைவெளி, அப்போது மார்பும் வயிறும் மூச்சுக்குப் போராடுவது, பிறகு மூச்சு முட்டி எழுவதுபோல ஒரு பெரிய இழுப்பு. இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் அது ஸ்லீப் ஆப்னியா என்னும் தூக்க மூச்சுத் தடையாக இருக்கலாம். 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ மருத்துவர்கள் ஒரு தடையாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 14 வரை இருந்தால் லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30ஐத் தொட்டால் தீவிரம். உலகில் 30 முதல் 69 வயதுக்குள் கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று 2019இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. தெரிய வருவது எப்படி? பக்கத்தில் படுத்திருப்பவர் சொல்லித்தான். பயணத்தில் ஒரே அறையில் படுத்த நண்பர்தான் சில நேரம் முதலில் கவனிக்கிறார்.

அதனால் காலையில் அவரிடம் நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். காலைத் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது, ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, உயர் ரத்த அழுத்தம் இவையும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஊர் திரும்பியதும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து கொடுங்கள், மருத்துவருக்கு அது உதவும். சம்மதம் இல்லாமல் பதிவு செய்வதும் அதை மற்றவர்களுக்கு அனுப்புவதும் கூடவே கூடாது.

ஏற்கெனவே தூக்க மூச்சுத் தடைக்காக சீபாப் (CPAP) கருவி வைத்திருக்கிறேன். ஒரு வாரம்தானே, வீட்டிலேயே விட்டுவிடலாமா?

எடுத்துக்கொண்டு போங்கள். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் இந்த முறையை ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழு 1981இல் வெளியிட்டது. கருவி ஓடும்வரைதான் பலன். போடாத இரவில் தடையும் குறட்டையும் திரும்பிவிடும். இன்றைய கருவிகளின் சத்தம் 30 டெசிபலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், உங்கள் குறட்டையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை, கூடப் படுப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். விமானத்தில் கைப்பையாகவே கொண்டு போங்கள், சரக்கில் போடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு மூடுங்கள். மருத்துவர் கடிதம், அந்த நாட்டுச் சாக்கெட்டுக்கான பிளக் மாற்றி, அப்புறம் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், இந்த மூன்றும் பையில் இருக்கட்டும், கட்டில் பக்கத்தில் சாக்கெட் இல்லாத அறைகள் நிறைய. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களோடு பொது அறையில் தங்கப் போகிறேன்.

குறட்டை விடுபவர் என்றால் வந்ததும் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லி, உங்களிடம் உள்ள உபரி இயர் பிளக் ஒரு ஜோடியை நீட்டுங்கள். அந்தச் சின்னச் செயல் பெரிய வருத்தத்தைத் தடுக்கும். சத்தம் ரொம்ப அதிகம் என்று தெரிந்தே பத்துப் பேர் படுக்கும் அறையைத் தேர்ந்தெடுப்பது சரியில்லை என்பது என் கருத்து. கேட்பவர் என்றால் முன்பின் தெரியாதவரைத் தொட்டு எழுப்பாதீர்கள், வரவேற்பில் கேட்டு வேறு படுக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தையும் குறட்டை விடுகிறது. களைப்பு என்று விட்டுவிடலாமா?

சளி பிடித்தபோது இரண்டு நாள் விடுவது பரவாயில்லை. சளி இல்லாமலே வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் விட்டால், வாயைத் திறந்தபடி தூங்கினால், மூச்சு நின்று நின்று வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும், டான்சில் அல்லது அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) வீக்கம் காரணமாக இருக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகக் குறட்டை தொடங்கினால் அதையும் அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள், உயர் ரத்த அழுத்தத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு.

கணவனும் மனைவியும் தனித்தனியாகப் படுத்தால் தவறாகத் தோன்றாதா?

தூக்கத்துக்காகத் தனியாகப் படுப்பது உறவில் விரிசல் என்று அர்த்தம் இல்லை. ராத்திரி ஆறு மணி நேரம் வேறு கட்டிலில் தூங்கிவிட்டு, பகலில் சிரித்த முகத்தோடு சேர்ந்து நடப்பதா, ஒரே கட்டிலில் விழித்துக் கிடந்துவிட்டுப் பகல் முழுக்க எரிந்து விழுவதா என்று இருவரும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஒன்றாகப் படுத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தூக்கம் வரும் நேரத்தில் ஒருவர் எழுந்து போவதும் நல்ல வழி.

எல்லாம் செய்தும் பொட்டுத் தூக்கம் இல்லை. இன்றைய நாளை எப்படி ஓட்டுவது?

வண்டி ஓட்டாதீர்கள், முதலில் அது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவர் அளவுக்குக் கவனம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறட்டை விட்டவர் "நான் நல்லா தூங்கினேன், நான் ஓட்டுறேன்" என்று சொன்னாலும், மேலே சொன்ன மூச்சுத் தடை அவருக்கு இருப்பதாகத் தெரிந்தால் அவர் தூக்கமும் நல்ல தூக்கம் இல்லை, அவரும் ஓட்ட வேண்டாம், அன்று வேறு ஏற்பாடு செய்யுங்கள். மதியம் 20 நிமிடம் கண்ணயருங்கள், அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும், ராத்திரித் தூக்கமும் தள்ளிப்போகும். காபி, டீயை மதியத்தோடு நிறுத்துங்கள், குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். அன்றைய திட்டத்தில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாலைக்குள் வரவேற்பில் போய் இன்னோர் அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.